லிடி திருச்செல்வத்தோட ரத்தம்

போர்ட் கிள்ளான்ல போயி திருச்செல்வம்னு கேட்டா பாதி பேருக்குத் தெரியாது. லிடின்னு கேக்கணும். கண்டெய்னர் யார்டு வாசல்ல நிக்கிற கார்டுகூட கை காட்டுவாரு. லிடின்னா மலாய்ல ஈர்க்குச்சி. வெளக்கமாத்துல இருக்குமே, அது. கையும் காலும் அப்படியேதான் இருக்கும் அவருக்கு. இருபத்தோரு வருசமா ட்ரெய்லர் லோரி ஓட்டுறாரு. நாப்பதடி கண்டெய்னர இழுத்துக்கிட்டு டெங்கில் வரைக்கும் போயிட்டு வருவாரு. ஆனா ஆளப் பாத்தா, ஸ்டேரிங்கத் திருப்ப தெம்பு இருக்கான்னு சந்தேகமா இருக்கும்.

வயிறு மட்டும் வேற யாரோடதோ மாதிரி. சட்டை பட்டன் அந்த எடத்துல மட்டும் இழுத்துக்கிட்டு நிக்கும். கூட லோரி ஓட்டுற நாகையா, கியூவுல நிக்கிறப்பல்லாம் எறங்கி வந்து கதவத் தட்டி, "எத்தனாவது மாசம் லிடி, டாக்டரு தேதி குடுத்துட்டாரா?"ன்னு கேப்பாரு. திருச்செல்வமும் சளைக்காம, "ரெட்டப் புள்ளலா அண்ணே, நீங்கதான் பேரு வைக்கணும்"னு சொல்லி வயித்தத் தட்டிக் காட்டுவாரு. தொளதொளன்னு ஆடாது. கெட்டியா, தர்பூசணி மாதிரி இருக்கும். அத அவரு பலம்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தாரு.

சிரிப்புக்கு அடியில ஒரு பயம் கெடந்துச்சி. அவரோட அப்பா ரெங்கசாமிக்கும் இதே ஒடம்புதான், இதே வயிறுதான். சுங்கை வேயில ஃபேக்டரி வேல. ஒரு நாள் காலையில ஃபேக்டரி பஸ்ல ஏறி சன்னலோரமா ஒக்காந்தவரு, எறங்கவே இல்ல. நாப்பத்தாறு வயசு. குடிக்க மாட்டாரு, குண்டும் இல்ல. இனிப்பு நீரு, அதான் சக்கர வியாதி, இருக்குன்னு யாரும் சொன்னதில்ல. ஒல்லியான மனுசனுக்கு எப்படிலா நெஞ்சு வலி வரும்னு சாவு வீட்டுல வந்தவங்கல்லாம் மாத்தி மாத்தி கேட்டாங்க. ஒருத்தருக்கும் பதில் தெரியல. அப்ப திருச்செல்வத்துக்குப் பதினேழு. இந்த வருசம் ஆகஸ்ட்ல அவருக்கும் நாப்பத்தாறு பொறக்கப் போவுது. அத அவரு யார்கிட்டயும் பேசினதில்ல. ஆனா வருசம் பொறந்ததுலேர்ந்து, லோரியில ஏறி ஒக்காந்ததும் நெஞ்சுல கைய வச்சி, துடிக்கிறது சரியாத்தான் இருக்கான்னு பாத்துட்டுத்தான் சாவியத் திருப்புவாரு.

வீட்டுல இருக்குறவங்க பயமெல்லாம் வேற பக்கம். பொண்டாட்டி மலர்விழி பள்ளிக்கூட கேன்டீன்ல சமைக்கிறாங்க. நல்ல பெரிய ஒடம்பு. இடுப்பும் தொடையும் அகலம், பஸ்ல ரெண்டு பேரு சீட்டு வேணும். திருச்செல்வத்தோட அக்கா பவுனம்மாள் எப்ப பாத்தாலும், "எந்தம்பி பங்கையும் சேத்து நீயே சாப்புட்டா அவன் எப்படி தேறுவான்?"னு ஒரு குத்து குத்துவாங்க. மலர்விழி சிரிச்சிட்டு உள்ள போயிடுவாங்க. அந்தச் சிரிப்பு உள்ள போற வரைக்குந்தான்.

ஜூலை மாசம் கிள்ளான்ல ஒரு கோயில் மண்டபத்துல எலவசமா ரத்தம் பாத்தாங்க. மலர்விழி வரமாட்டேன்னுட்டாங்க. எடை மெசின்ல ஏறுனா பின்னாடி நிக்கிறவங்க எட்டி எட்டிப் பாப்பாங்களாம். திருச்செல்வந்தான், ஒன்னப் பாக்கத்தான் போறோம், நா சும்மா தொணைக்குன்னு சொல்லி கூட்டிக்கிட்டுப் போனாரு. சொன்னது அப்படி. உண்மையில அவருக்குத் தனியா போயி ஊசிக்குக் கைய நீட்ட பயம்.

பத்து நாள் கழிச்சி கிளினிக்லேர்ந்து போன். ரெண்டு பேரும் வரணும். அங்க இருந்த டாக்டர் அனுப்பிரியா, தமிழ்நாட்டுலேர்ந்து வந்து வேல செய்யிறவங்க, சின்ன வயசு. ரெண்டு பேப்பரையும் பாத்து, பேர ரெண்டு தடவ கேட்டு சரி பண்ணிக்கிட்டாங்க. மலர்விழி சேலை முந்தானைய விரல்ல சுத்திக்கிட்டே இருந்தாங்க.

மலர்விழிக்கு ஒண்ணும் இல்ல. கொழுப்பு எல்லாம் கணக்கா இருக்கு, நல்ல கொழுப்பு நல்லாவே இருக்கு. ட்ரைகிளிசரைடுன்னு ரத்தத்துல ஓடுற ஒரு கொழுப்பு, இந்த ஊரு அளவுக் கணக்குல ஒண்ணே முக்காலுக்குக் கீழ இருக்கணும், அவங்களுக்கு ஒண்ணு புள்ளி ஒண்ணு.

திருச்செல்வத்துக்குப் பதினொண்ணு புள்ளி ரெண்டு.

"பேப்பரு மாறியிருக்கும் டாக்டர்"னு மலர்விழிதான் மொதல்ல பேசுனாங்க. டாக்டரு அளவு டேப்ப எடுத்து திருச்செல்வத்தோட இடுப்பச் சுத்தி புடிச்சாங்க. தொண்ணூத்தாறு சென்டிமீட்டரு. நம்ம ஆளுங்களுக்கு, ஆம்பளையா இருந்தா தொண்ணூறத் தாண்டக் கூடாதாம். தண்ணி அடிப்பீங்களான்னு கேட்டாங்க. திருச்செல்வத்துக்கு ரோசம் வந்துருச்சி. வாசனகூட பாத்ததில்லன்னாரு. என்ன வேல செய்றீங்கன்னு கேட்டாங்க. சொன்னாரு.

"கண்டெய்னர் வருது, யார்டுல எடம் இருந்தா என்ன பண்ணுவாங்க?"

"அடுக்கி வச்சிருவாங்க."

"எடம் இல்லேன்னா?"

"ரோட்டுல நிக்கும். எல்லாம் ஜேம் ஆவும்."

"அதான் உங்க வயித்துக்குள்ள நடக்குது அங்கிள்."

அப்பறம் டாக்டரு பொறுமையா சொன்னாங்க. மலர்விழிக்கு இடுப்புலயும் தொடையிலயும் தோலுக்கு அடியில பெரிய யார்டு இருக்கு. மிச்சமாவுற கொழுப்பு அங்க போயி படுத்துக்குது, ரத்தத்துல சுத்துறதில்ல. அதுக்காக எடை நல்லதுன்னு அர்த்தமில்ல, முழங்கால் ஒரு நாள் கணக்குக் கேக்கும். ஆனா திருச்செல்வத்துக்குக் கையிலயும் காலுலயும் கொழுப்பு வைக்க எடமே இல்ல. அதனால அது குடலச் சுத்தியும் கல்லீரல்லயும் போயி ஏறிக்கிச்சி. அங்க இருக்குற கொழுப்பு சும்மா கெடக்காது, கசிஞ்சிக்கிட்டே இருக்கும். கசியிறது நேரா கல்லீரலுக்குத்தான் போவும். கல்லீரல் அத மறுபடி பொட்டலம் கட்டி ரத்தத்துலயே விடும். நல்ல கொழுப்பு கொறையும், இன்சுலின் சொல்ற பேச்ச ஒடம்பு கேக்காது, இனிப்பு நீரு வாசல்ல வந்து நிக்கும். அவருக்கு வந்து நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சி. கறியிலயும் எண்ணெயிலயும் மட்டும் கொழுப்பு வர்றதில்ல, சீனியையும் சோத்தையும் வச்சே கல்லீரல் இந்தக் கொழுப்பச் செஞ்சிரும்னாங்க. ஒரு நாளைக்கி நாலு கிளாசு தே தாரேக், கெட்டிப் பாலு ஊத்தி ஆத்துற டீ, குடிக்கிறவருகிட்ட அத ரெண்டு தடவ சொன்னாங்க.

கடைசியா ஒண்ணு சொன்னாங்க. பத்துக்கு மேல போனா கணையம் திடீர்னு வீங்கலாம். வீங்குனா உயிருக்கே ஆபத்து. தெனமும் ஒரு கேப்ஸ்யூல், ஒரு நாளும் விடக் கூடாது.

திருச்செல்வத்துக்கு அப்ப காதுல விழுந்தது பஸ் சத்தந்தான். சன்னலோரமா சாஞ்சிருந்த அப்பாவோட தலை. அன்னிக்கி சாவு வீட்டுல யாருக்கும் தெரியாத பதிலு, இந்தப் பொண்ணு மேசையில பேப்பரா கெடந்துச்சி.

தெனமும் போட்டாரு. மலர்விழி காலையில பசியாற வைக்கிறப்பவே கேப்ஸ்யூலையும் தண்ணியையும் கையில குடுத்துருவாங்க. ஆறு வாரத்துல மறுபடி பாத்தப்ப அஞ்சுக்கு எறங்கியிருந்துச்சி. நாகையாகிட்ட போயி, பாதிப் புள்ள எறங்கிருச்சின்னு சொல்லிச் சிரிச்சாரு. நாப்பத்தாறு பொறந்த நாளும் ஒண்ணும் ஆகாம போயிருச்சி.

அப்பறந்தான் பொரட்டாசி வந்துச்சி.

அப்பா செத்த வருசத்துலேர்ந்து, இருபத்தொம்போது வருசமா, பெருமாளுக்குன்னு பொரட்டாசி மாசம் முழுக்க அவரு கவிச்சி தொட்டதில்ல. இந்த வருசம் கேக்கவே வேணாம். அப்பா போன வயசுல நிக்கிறாரு. இந்த ஒரு வருசத்தத் தாண்ட வச்சிரு பெருமாளேன்னு மொத நாளே வேண்டிக்கிட்டாரு. அன்னிக்கி மருந்து புது டப்பா. போர்ட் வாசல் பக்கத்துல இருக்குற கடையில ஒக்காந்து, சும்மா திருப்பிப் பாத்தவரு கண்ணுல ஒரு மலாய் வார்த்தை பட்டுச்சி. லெம்பு. மாடு.

அந்தக் கடையில டீ, காப்பி கலக்குற ஜாபர் அலி ராமநாதபுரத்துக்காரன், பெர்மிட்ல வந்து மூணு வருசமாவுது. அவன்கிட்ட டப்பாவ நீட்டி என்னன்னு கேட்டாரு. அவனும் படிச்சிப் பாத்துட்டு, "உள்ள இருக்குற மருந்து இல்லண்ணே, மேல இருக்குற கூடு. மாட்டுத் தோலு எலும்ப காய்ச்சி எடுக்குறது. எங்களுக்கு ஓகே. ஒங்களுக்கு எப்படின்னு நீங்கதாண்ணே பாத்துக்கணும்"னான். அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். ஒளிச்சி வைக்கிறது தப்புன்னு அவனுக்குப் பட்டுச்சி.

திருச்செல்வம் டப்பாவத் தள்ளி வச்சாரு. பொறந்ததுலேர்ந்து மாட்டுக்கறி தொடாத மனுசன். ஏழு வாரமா மாட்ட முழுங்கிக்கிட்டு இருந்திருக்காரு. அதுவும் இன்னிக்கி காலையில, வேண்டிக்கிட்ட கையோட. எங்க போயி கழுவுறது இத? சாமிக்குக் கோவம் வந்தா அது எந்த வயசப் பாத்து வரும்னு அவருக்குத் தெரியாதா? டாக்டருகிட்ட கேக்கலாம்னு ஒரு நிமிசம் தோணுச்சி. அந்தச் சின்னப் பொண்ணு சிரிச்சிருமோன்னு வெக்கம். மலர்விழிகிட்ட சொன்னா சண்டைக்கி வருவாங்க. யார்கிட்டயும் சொல்லல. மாசம் முழுக்க சைவந்தானே, அதுவே மருந்து, கவிச்சியே இல்லாதப்ப கொழுப்பு எங்கேர்ந்து வரப் போவுதுன்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டாரு. தெனமும் மலர்விழி கையிலேர்ந்து கேப்ஸ்யூல வாங்கி, நாக்குக்கடியில வச்சி, தண்ணி குடிச்சி, கீழ எறங்கி வந்து லோரி டேஷ்போர்டுல இருக்குற டப்பாவுல துப்பி வச்சாரு. குப்பையில போட மனசு வரல.

சைவமுன்னா சும்மாவா? சோயாவுல செஞ்ச சைவ மட்டன எண்ணெயில வறுத்து, தேங்காய்ப்பால் ஊத்தி கொழம்பு. கடையில ரோத்தி. கவிச்சி இல்லாத ஏக்கத்துக்கு ஜாபர் அலிகிட்ட தே தாரேக் நாலுலேர்ந்து ஆறாச்சி. மூணாவது சனிக்கிழம வீட்டுல தளிகை போட்டாங்க. சக்கரப் பொங்கல், வடை, புளிச்சோறு, பால் பாயாசம். வெரதத்துல இருக்குற மனுசன்னு மலர்விழி ரெண்டாவது தடவையும் பாயாசம் ஊத்துனாங்க.

மறுநாள் காலையில பதினோரு மணி. போர்ட் கேட்டுக்கு முன்னாடி லோரி வரிசை. தொப்புளுக்கு மேல, நெஞ்சுக்குழிக்குக் கீழ, யாரோ கட்டைவிரல வச்சி அழுத்துன மாதிரி ஆரம்பிச்சிச்சி. காத்துன்னு நெனச்சாரு. அஞ்சு நிமிசத்துல அது முதுகு வரைக்கும் துளைச்சிக்கிட்டுப் போயிருச்சி. நிமிந்தா உயிரு போவுது. குனிஞ்சி ஸ்டேரிங்க கட்டிப் புடிச்சா கொஞ்சம் தாங்குது. வேர்வை கண்ணுல எறங்குது. முன்னாடி லோரி நகந்துருச்சி, பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க. அவருக்கு ஹாரன் கேக்குது, கை எழும்பல. சன்னலப் பாக்கவே பயமா இருந்துச்சி. தலையச் சாச்சா அவ்வளவுதான், அப்பா மாதிரி சாஞ்சிட்டா எந்திரிக்க மாட்டோம்னு, வலியவிட அதுக்குத்தான் பல்லக் கடிச்சிக்கிட்டு குனிஞ்சே இருந்தாரு.

பின்னாடி லோரி நாகையாவோடது. கத்திக்கிட்டே எறங்கி வந்தவருக்கு, கதவத் தொறந்து மூஞ்சப் பாத்ததும் கேலியெல்லாம் போயிருச்சி. அப்படியே தூக்கித் தோளுல போட்டுக்கிட்டு, ரெண்டு லோரியையும் சாவியோட வரிசையிலயே விட்டுட்டு, போர்ட் கார்டோட பிக்கப்ல ஏத்தி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. வழியெல்லாம் திருச்செல்வம் ஒரே கேள்விதான் கேட்டாராம், எனக்கு நாப்பத்தேழு ஆயிருச்சாண்ணேன்னு. ஆயிருச்சிலா, எப்பவோ ஆயிருச்சின்னு நாகையா பொய் சொல்லிக்கிட்டே வந்தாரு.

அவசரப் பிரிவுல ஒரு மலாய் நர்ஸ் ரத்தம் எடுத்துச்சி. ட்ரேயில வச்ச சின்னக் குழாய, கொஞ்ச நேரம் கழிச்சி லேபுக்கு அனுப்ப எடுத்த பொண்ணு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, "மாச்சாம் சூசூ"ன்னு தன்னையறியாம சொல்லிட்டு வாய மூடிக்கிச்சி. பால் மாதிரின்னு. திருச்செல்வமும் பாத்தாரு. கீழ செவப்பு தங்கியிருந்துச்சி. மேல வெள்ளையா, கெட்டியா, தேங்காய்ப்பால் மாதிரி. தன் ஒடம்புலேர்ந்து வந்ததுன்னு அவரால நம்ப முடியல. அதப் பாத்த பெறகு வலிகூட கொஞ்ச நேரம் தெரியல. உள்ள பூராம் இதுதானா ஓடிக்கிட்டு இருக்கு? நெஞ்சுக்குள்ளயும் இதுதானா போயிட்டு வருது?

ட்ரைகிளிசரைடு இருவத்தெட்டு. கணையம் வீங்கிருச்சி.

மலர்விழி ஓடி வந்து சேந்தப்ப டாக்டருங்க ரெண்டு பேரு பேசிக்கிட்டு இருந்தாங்க. மருந்து எடுத்துக்கிட்டும் இவ்வளவு ஏறுதுன்னா வேற எதோ பெருசா இருக்கணும், இன்னும் என்னென்ன சோதனை பண்ணணும்னு. மலர்விழி குறுக்க வந்து, ஒரு நாள்கூட விட்டதில்ல டாக்டர், நானே கையில குடுத்து முழுங்க வச்சேன்னு சத்தியம் பண்ணாங்க. ஒரு பேரு தெரியாத வியாதியத் தேடி எல்லாரும் ஓடப் போறாங்க. கட்டில்ல சுருண்டு கெடந்த திருச்செல்வத்துக்கு, இப்ப வாயத் தொறக்கலேன்னா செத்துருவோம்னு புரிஞ்சிச்சி. தொறந்தா மலர்விழி மூஞ்சப் பாக்கணும். எதுக்கு அதிகமா பயந்தாருன்னு அவருக்கே தெரியாது.

"மலரு, நா மாத்திரை போடல."

"எப்பேர்ந்து?"

"பொரட்டாசி ஒண்ணுலேர்ந்து. அதுல மாடு இருக்கு."

மலர்விழி கட்டில் பக்கம் குனிஞ்சாங்க. அப்பறம் மெதுவா, மத்தவங்களுக்குக் கேக்காத மாதிரி, "எங்கையால வாங்கி நாக்குக்கடியில வச்சிக்கிட்டு, என்னப் பாத்து சிரிச்சே, தெனம்"னாங்க. "பெருமாளு ஒன்ன மாத்திரைய நிறுத்தச் சொன்னாரா? இல்ல என்னையத் தாலியக் கழட்டச் சொன்னாரா?"

டாக்டருங்க வேற வியாதி தேடுறத நிறுத்திட்டாங்க. மாடு இல்லாத, கூடே இல்லாத வெறும் மாத்திரையாவும் அந்த மருந்து கெடைக்கும், ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாத்திக் குடுத்திருப்பாங்கன்னு ஒருத்தரு சொன்னாரு. திட்டல. சும்மா சொன்னாரு. அதுதான் திருச்செல்வத்துக்கு ரொம்ப வலிச்சிச்சி.

மூணு நாள் வாயில சொட்டுத் தண்ணி கெடையாது. ரெண்டு கையிலயும் ட்ரிப், ஒண்ணுல இன்சுலின். எதிர்க்கட்டில்ல இருந்த சீனருக்கும் கணையந்தான். ரெண்டாவது நாள் மத்தியானம் அவரத் தள்ளிக்கிட்டு ஐசியுவுக்குப் போனாங்க. சாயங்காலம் அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாங்க. திருச்செல்வம் அதப் பாத்தாரு, மலர்விழியும் பாத்தாங்க. அவரு எங்கன்னு ரெண்டு பேரும் கேக்கல. மலர்விழி எந்திரிச்சிப் போயி திரைச்சீலைய இழுத்து விட்டுட்டு வந்து ஒக்காந்துக்கிட்டாங்க. ஜாபர் அலி ஒரு தடவ வந்து கால்மாட்டுல நின்னு அழுதுட்டுப் போனான். "நாந்தாண்ணே"ன்னான். இல்லடா தம்பி, கேக்காதவன் நாந்தான்னு சொல்லணும்னு நெனச்சாரு. நாக்கு காஞ்சி ஒட்டிக்கிச்சி.

ஆறாவது நாள் கொழுப்பு எறங்கிருச்சி, ஏழாவது நாள் வீட்டுக்கு அனுப்புனாங்க. கையில புது மாத்திரை. ஒரு தடவ வீங்குன எடம், மறுபடியும் வரலாம், ஜாக்கிரதைன்னாங்க.

தீவாளிக்கு சுங்கை வே, பவுனம்மாள் வீடு. தட்டு தட்டா முறுக்கு, நெய் உருண்டை, ஆட்டுக்கறி. திருச்செல்வம் அளந்து வச்ச சோறு, காய்கறி, தோலு எடுத்த கோழி ரெண்டு துண்டு. அக்கா வழக்கம் போல மலர்விழியப் பாத்து ஆரம்பிக்க வாயத் தொறந்தாங்க. திருச்செல்வம், சோத்துல கைய வச்சிக்கிட்டே, "அக்கா, அவ ரத்தம் தண்ணியா இருக்கு. எனக்குத்தான் ஒடம்பு பூராம் கொழுப்பு. ஆஸ்பத்திரியில பாத்தாங்க"ன்னாரு. வீடே சிரிச்சிச்சி. மலர்விழி சிரிக்கல, கொழம்பக் கொஞ்சமா ஊத்துனாங்க.

அப்பத்தான் வந்துச்சி. அதே எடம். நெஞ்சுக்குழிக்குக் கீழ, சின்னதா, ஒரு கிள்ளு.

திருச்செல்வத்தோட கை சோத்துலயே நின்னுருச்சி. யாரும் கவனிக்கல, டிவி ஓடிக்கிட்டு இருந்துச்சி. மலர்விழி மட்டும் அந்தக் கையப் பாத்தாங்க. அவரு மூஞ்சப் பாத்தாங்க. கரண்டியக் கீழ வச்சிட்டு, மேசைக்கி அடியில அவரோட முட்டியப் புடிச்சிக்கிட்டாங்க. முதுகுக்குப் போவுதான்னு கண்ணாலயே கேட்டாங்க. அவரு மூச்சப் புடிச்சிக்கிட்டு உள்ள கேட்டுக்கிட்டு இருந்தாரு. போவுதா? போவலியா? பக்கத்துல பவுனம்மாள் யாரோ வாங்குன புதுக் காரப் பத்தி பேசிக்கிட்டே போறாங்க.

பெரிய ஏப்பம் ஒண்ணு வந்துச்சி.

"அடேங்கப்பா, பத்தியக்காரன் ஏப்பத்தப் பாரு"ன்னு பவுனம்மாள் சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. திருச்செல்வமும் பல்லக் காட்டுனாரு. மலர்விழியோட விரலு மட்டும் அவரு முட்டியில அப்படியே இறுக்கிப் புடிச்சிருந்துச்சி. சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் எடுக்கல.